அப்பாவுக்கு அலங்கார வளைவு வேண்டாம்

மலேசியா, பேராக் மாநிலம், சுங்கை சிப்புட், எங்கள் தோட்டத்து மாரியம்மன் ஆலய நிர்வாகக் குழுவினருக்கும் தமிழ்ப்பள்ளி முன்னாள் மாணவர்களுக்கும்,

வணக்கம்.

அப்பாவின் பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்து, கடைசிப் பந்தி முடியும்வரை நின்று, நாற்காலிகளை அடுக்கி லோரியில் ஏற்றிவிட்டுப் போன அத்தனை பேருக்கும் முதலில் நன்றி. கிளம்பும்போது தலைவர் அண்ணன் ஒரு கடிதத்தை என் கையில் கொடுத்தார். வரும் சித்திரைத் திருவிழாவுக்குள் ஆலய வாசலில் அப்பா பெயரில் நிரந்தரமான மின்விளக்கு அலங்கார வளைவு ஒன்று வைக்கப் போவதாகவும், தூணில் பதிக்கக் கல்வெட்டு வாசகமும் தயார் என்றும் எழுதி, குடும்பத்தாரின் சம்மதத்தைக் கேட்டிருந்தீர்கள். இதற்கு நான் தனியாகப் பதில் எழுதியிருக்கலாம். ஆனால் பதில் வருவதற்குள் ரசீதுப் புத்தகம் சந்தைக் கடைகள்வரை போய்விட்டது. பணம் கொடுப்பவர்களுக்கும் விவரம் தெரிய வேண்டும் என்பதால் ஊருக்கே எழுதுகிறேன்.

கல்வெட்டிலிருந்து தொடங்குகிறேன். “மண்ணெண்ணெய் விளக்கில் படித்து, யாருடைய உதவியும் இன்றித் தன்னந்தனியாக உயர்ந்து, நாட்டுக்கே ஒளி தந்த மாமேதை” என்று இருக்கிறது. எழுதியவர் அன்போடுதான் எழுதியிருக்கிறார், அதில் எனக்குச் சந்தேகமில்லை. அப்பா இதைப் படித்திருந்தால் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, சிவப்புப் பேனாவை எடுத்திருப்பார்.

அப்பா மண்ணெண்ணெய் விளக்கில் படிக்கவில்லை. அவர் வீட்டில் மின்சார பல்பு எரிந்தது. ஒரே ஒரு பல்பு, இரவு பத்து மணிக்கு அணைந்துவிடும் பல்பு, ஆனால் மின்சாரம். தாத்தா தோட்டத்து ரப்பர் ஆலையில் இஞ்சின் டிரைவர். பகலில் அந்த டீசல் இஞ்சின் பெல்ட் போட்டு உருளைகளைச் சுற்றும். அமிலம் ஊற்றி உறையவைத்த பால், உருளைகளுக்கிடையே தகடாகி, புகைக்கூடத்துக்குப் போகும். பொழுது சாய்ந்ததும் அதே இஞ்சினில் டைனமோவை மாட்டிவிடுவார்கள். அந்தக் கரண்டு தோட்டத் துரை பங்களாவுக்கும் கிராணிமார், அதாவது கணக்கர்கள், வீடுகளுக்கும் போகும். இஞ்சின் அறையை ஒட்டி இருந்ததால் தாத்தா வீட்டுக்கும் ஒரு கம்பி வந்தது. தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில் மற்ற வீடுகளில்தான் மண்ணெண்ணெய் விளக்கு. பரீட்சைக் காலத்தில் லயத்துப் பிள்ளைகள் தாத்தா வீட்டு வாசலில் வந்து உட்கார்ந்து படிப்பார்கள். அந்தப் பிள்ளைகளில் சிலர் இன்று உங்கள் குழுவிலேயே மூத்தவர்கள். அவர்களைக் கேட்டுப் பாருங்கள்.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், அப்பா இஞ்சினியர் ஆனதற்கு வறுமை காரணமில்லை, அந்த இஞ்சின்தான் காரணம். தாத்தாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் ஆலையில் இன்னொரு உருளையை ஓட்டினால், இஞ்சின் இரைச்சல் கொஞ்சம் இறங்குவதைக் கேட்டு, பார்க்காமலே எண்ணெயைக் கூட்டுவார். அப்பா ஆற்றங்கரையில் விளையாடிக் கொண்டிருக்கும்போதே, “தகடு போட ஆரம்பிச்சிட்டாங்க” என்று சொல்லும் அளவுக்கு அந்தச் சத்தம் அவருக்குப் பழகியிருந்தது. பிற்காலத்தில் அவர் மின்நிலையத்தில் செய்த வேலையும் இதன் பெரிய உருவம்தான். ஊர் விளக்குப் போட்டால் டர்பைன் இழுபடும், வேகம் குறையப் பார்க்கும். உடனே தண்ணீரைத் திறந்துவிட்டு மின்சாரத்தின் அதிர்வெண்ணை 50 ஹெர்ட்ஸிலேயே வைத்திருக்க வேண்டும். டீசலுக்குப் பதில் பேராக் ஆறு, அவ்வளவுதான் என்பார்.

“யாருடைய உதவியும் இன்றி” என்பது இன்னும் பெரிய பிழை. அப்பாவுக்கு ஓர் அக்கா இருந்தார், எங்களுக்குப் பெரிய அத்தை. உங்களில் பலர் அவர் கையால் முறுக்கு வாங்கித் தின்றிருப்பீர்கள். அத்தைக்குக் கணக்கு அப்பாவைவிட நன்றாக வரும் என்று பாட்டி சொல்லக் கேட்டிருக்கிறேன். ஆறாம் வகுப்போடு நிறுத்திவிட்டார்கள். விடியற்காலை நாலரைக்குப் பெரட்டு என்னும் ஆள் கணக்கெடுப்பு, பிறகு ரப்பர் பால்வெட்டு, வாளியைத் தூக்கிக்கொண்டு நிறுவைக்கு. அந்தச் சம்பளத்தில்தான் அப்பாவுக்குப் பஸ் காசும் பள்ளிச் சீருடையும். தமிழ்ப்பள்ளியை முடித்துப் புகுமுக வகுப்பு, பிறகு ஆங்கிலப் பள்ளி, ஆறாம் படிவம், மலாயாப் பல்கலைக்கழகம் என்று அப்பா படிக்கப் படிக்க, அத்தையின் கல்யாணம் தள்ளிக்கொண்டே போனது. அப்பா 1971இல் பட்டம் வாங்கினார். அத்தைக்கு அதற்கு அடுத்த ஆண்டுதான் கல்யாணம். முதல் சம்பளம் தொடங்கி அத்தை கண் மூடும்வரை, மாதம் பிறந்தால் அப்பா செய்யும் முதல் காரியம் அத்தை வீட்டுக்குப் போவது. நாங்கள் பிள்ளைகள் காரில் உட்கார்ந்திருப்போம். உறையை அத்தை வாங்க மாட்டேன் என்பதும், அப்பா அதை அரிசித் தோம்புக்குக் கீழே வைத்துவிட்டு வருவதும் மாதந்தோறும் நடக்கும் நாடகம்.

அதுபோக அந்தக் காலத்துச் சூழலையும் நினைக்க வேண்டும். அப்பா பிறந்தது 1947இல். மறு ஆண்டு ஜூன் 16ஆம் தேதி நம் வட்டாரத்து எல்ஃபில் தோட்டத்திலும் பின் சூன் தோட்டத்திலும் ஒரே காலையில் மூன்று வெள்ளைக்காரத் துரைமார்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். நாடு முழுக்க அவசரகாலம் வந்தது. 1960 வரை நீடித்தது. முள்வேலிக்குள் இருந்த லயத்தில்தான் அப்பா நடை பழகினார். பால்வெட்டுக்குப் போகிறவர்களை, காட்டிலிருந்த கம்யூனிஸ்ட் கெரில்லாக்களுக்குச் சோறு கொண்டுபோகிறார்களா என்று சோதித்து அனுப்புவார்களாம். பாட்டி கடைசிவரை அரிசி மூட்டையைப் பார்த்தால் குரலைத் தாழ்த்தித்தான் பேசுவார். பிறகு தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்ற தோட்டத் துண்டாடல். பிறகு 1969 கலவரம். குடியுரிமை இல்லாத சிவப்பு அடையாள அட்டைக்காரர்களுக்கு வேலைப் பெர்மிட் கேட்டபோது, பக்கத்து வீட்டுக் குடும்பம் பாதிப் பேர் இங்கேயும் பாதிப் பேர் ‘ரஜூலா’ கப்பலிலுமாகப் பிரிந்தது. அப்பாவோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்த அந்த வீட்டுப் பையன் நாகப்பட்டினத்தில் இறங்கினான். அப்பாவைவிடக் கெட்டிக்காரன் என்று அப்பாவே சொல்வார். தன்னந்தனியாக உயர்ந்த மாமேதை என்று கல்லில் வெட்டினால் இவர்களெல்லாம் எங்கே போவார்கள்?

வேலையைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை, அது உங்களுக்குத் தெரியும். அப்போது தேசிய மின்சார வாரியமான லெம்பாக லெத்ரிக் நெகாரா, 1990இலிருந்து தெனாகா நேஷனல். பெயர் மாறியது, அப்பாவின் சட்டைப் பையில் இருந்த டெஸ்ட் பேனா மாறவில்லை. தெமெங்கோர், பெர்சியா, கெனெரிங், சென்டரோ என்று பேராக் ஆற்றின் ஒரே தண்ணீர் நாலு அணைகளில் நாலு தடவை மின்சாரம் கொடுத்துவிட்டுக் கீழே வருகிறது. அவற்றில் சென்டரோ வெள்ளைக்காரன் காலத்தது, 1930இல் ஓடத் தொடங்கியது. தெமெங்கோர்தான் பெரியது, 348 மெகாவாட். அப்பாவின் உழைப்பில் பெரும்பகுதி அங்கேதான் போனது. வாரம் முழுக்கக் கெரிக் குவார்ட்டர்சில். வெள்ளிக்கிழமை இரவு லெங்கோங், குவாலா கங்சார் வழியாக வீடு. நாங்கள் தூங்காமல் காத்திருந்து, கார் வெளிச்சம் சுவரில் ஓடியதும் தூங்குவதுபோல் நடிப்போம்.

ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். 1996 ஆகஸ்ட் 3, சனிக்கிழமை. தீபகற்பம் முழுக்க இருண்டதே, அந்த மாலை. அம்மா தோசைக்கல்லைப் போட்டிருந்தார். ஃபேன் நின்றது. அப்பா ஃபியூஸ் பெட்டிக்குப் போகவில்லை, நேராக வாசலுக்குப் போனார். பக்கத்து வீடுகளிலும் கரண்டு இல்லை, பெரிய ரோட்டுக் கடைகளிலும் இல்லை. ஒரு தொலைபேசி அழைப்பு, பிறகு காலணி. அம்மா தோசையைச் சுருட்டிக் கையில் கொடுத்தார். நிலக்கரி, எரிவாயு நிலையங்களை எழுப்ப அவற்றின் பம்புகளுக்கும் விசிறிகளுக்குமே முதலில் கரண்டு வேண்டும். நீர்மின் நிலையத்துக்குக் கொஞ்சம் பேட்டரியும் மேலே தண்ணீரும் இருந்தால் போதும், தானே எழுந்து மற்றவற்றை எழுப்பலாம். இதை அப்பா மறுநாள் வந்து, தூக்கம் சொக்கும் கண்ணோடு, எங்களுக்குப் படம் போட்டுக் காட்டினார். நாட்டுக்கே ஒளி தந்தார் என்று எழுதுகிறீர்கள். அன்று இரவு கடமையில் இருந்த எத்தனையோ பேரில் அவர் ஒருவர். “ஷிப்டுல நின்னவன் பேரையெல்லாம் விட்டுட்டு என் பேரை மட்டும் போட்டா எப்படி?” என்பதுதான் அவர் கேள்வியாக இருக்கும்.

2002இல் ஓய்வு பெற்றார். உங்கள் கடிதம் இந்த இடத்தில் “ஓய்வுக்குப் பின் அமைதியான வாழ்க்கை வாழ்ந்தார்” என்று ஒரு வரியில் தாண்டிப் போகிறது. நான் இங்கேதான் நிற்க வேண்டியிருக்கிறது.

அம்மாவை உங்களுக்கு டீச்சராகத் தெரியும். இனிப்பு நீரால் அவருடைய சிறுநீரகங்கள் இரண்டும் கைவிட்டபோது, மருத்துவமனையில் இரண்டு வழி சொன்னார்கள். வாரம் மூன்று நாள் சென்டருக்குப் போய் இரத்தத்தைச் சுத்திகரிப்பது, அல்லது வீட்டிலேயே வயிற்றுக்குள் நீர்மம் ஏற்றி இறக்குவது. அம்மாவுக்கு ஊசியென்றால் பயம். அப்பா இரண்டாவதைத் தேர்ந்தெடுத்து, தாதியர் நடத்திய பயிற்சிக்கு நோட்டுப் புத்தகத்தோடு போனார். ஒரு நாளைக்கு நாலு வேளை, வேளைக்கு இரண்டு லிட்டர் பை. ஒவ்வொரு வேளையும் ஜன்னலைச் சாத்தி, ஃபேனை அணைத்து, மாஸ்க் போட்டு, கையை முழங்கைவரை கழுவி, பழைய நீரை வடித்து, புதியதை ஏற்ற வேண்டும். நம் ஊர் மதிய வெயிலில் ஃபேன் இல்லாத அறை எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. வியர்வை சொட்டக் கூடாதென்று நெற்றியில் துண்டைக் கட்டிக்கொள்வார். வடிந்த நீரைத் தூக்கி வெளிச்சத்தில் பார்ப்பார். கலங்கியிருந்தால் தொற்று என்று அர்த்தம், உடனே ஈப்போவுக்கு ஓட வேண்டும். ஏற்றியது எவ்வளவு, வடிந்தது எவ்வளவு, எடை, இரத்த அழுத்தம் எல்லாம் கோடு போட்ட நோட்டில் ஏறும். டாக்டர் ஒருமுறை அந்த நோட்டைப் புரட்டிவிட்டு, இதை வார்டில் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். அப்பா கொடுக்கவில்லை, நகல் எடுத்துக் கொடுத்தார்.

மின்நிலையத்தில் லாக் புக் எழுதிய அதே கட்டை எழுத்து. ஒரு வேளைகூடத் தவறவிட்டதாக அதில் இல்லை. பக்க ஓரத்தில் மட்டும் சில இடங்களில் வேறு விஷயங்கள்: “இன்று இரண்டு இட்லி சாப்பிட்டாள்.” “பேரன் வந்தான், சிரித்தாள்.” “மீன் குழம்பு கேட்டாள், கொடுக்கவில்லை. கோபம்.” மறுநாள் பக்கத்தில், “கொஞ்சம் கொடுத்தேன்.”

இந்த ஆண்டுகளில்தான் ஆலயத்தில் அவருக்குப் பொன்னாடை போர்த்த அழைத்தீர்கள். அவர் வரவில்லை. பள்ளி ஆண்டு விழாவுக்கும் வரவில்லை, வந்தாலும் பாதியில் எழுந்து போனார். இஞ்சினியருக்குத் தலைக்கனம் என்று சிலர் பேசியது எங்கள் காதுக்கும் வந்தது. மேடை நிகழ்ச்சி பதினோரு மணிக்கு என்று அச்சடித்து ஒரு மணிக்குத் தொடங்குவது நம் வழக்கம். அம்மாவின் மதியப் பைக்கு அந்த வழக்கம் தெரியாது.

ஆனால் ஓர் இடத்துக்கு மட்டும் அவர் வராமல் இருந்ததில்லை: திருவிழாக் கொடியேற்றத்துக்கு முந்தின நாள், ஆலய மெயின் போர்டு அறைக்கு. அம்மா இருந்தபோதும், அம்மா போன பிறகும்.

பால்குடம் எடுப்பவர்கள் ஈரப் புடவையோடு, வெறுங்காலோடு, பாலும் மஞ்சள் நீரும் கொட்டிக் கிடக்கும் தரையில் நடக்கிறார்கள். அதே தரையின் ஓரத்தில் விளக்குக் கம்பி ஓடுகிறது. அப்பாவுக்குத் திருவிழா என்றாலே இந்தக் காட்சிதான் முதலில் தெரியும். நம் போர்டில் இருக்கும் இ.எல்.சி.பி. என்ற மின்கசிவுத் துண்டிப்புக் கருவி போகும் கரண்டையும் திரும்பி வரும் கரண்டையும் ஒப்பிட்டுக்கொண்டே இருக்கும். கொஞ்சம் வழியில் எங்காவது, ஒரு மனித உடம்பு வழியாகவோ ஈரத் தரை வழியாகவோ கசிந்தால், கணக்கு உதைக்கும், உடனே துண்டித்துவிடும். எவ்வளவு கசிந்தால் துண்டிக்கும் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. நம் ஆலயத்தில் மொத்தக் கட்டடத்துக்கும் சேர்த்து ஒரே கருவி, 100 மில்லி ஆம்பியர். கட்டடம் தீப்பிடிக்காமல் அது காக்கலாம், ஆளைக் காக்காது. 30 மில்லி ஆம்பியரே நெஞ்சைப் பிடிக்கக்கூடியது. தரை ஈரமாகும் இடத்துக்கு 10 மில்லி ஆம்பியருக்கு மேல் போகக் கூடாது என்று 1994ஆம் ஆண்டு மின்சார விதிமுறைகளே சொல்கின்றன. அப்பா இதை ஒவ்வொரு நிர்வாகக் குழுவிடமும் சொன்னார். ஒவ்வொரு குழுவும் “அடுத்த வருஷம் பார்ப்போம் சார்” என்றது. இன்றைய குழுவை மட்டும் குறை சொல்ல மாட்டேன். நம் ஆட்களுக்குக் கோபுரத்துக்கு வண்ணம் அடிக்க வரும் உற்சாகம் சுவருக்குள் இருக்கும் கம்பிக்கு வருவதில்லை. கண்ணுக்குத் தெரியாததற்கு யார் நன்கொடை ரசீது கிழிப்பார்கள்?

அதனால் அவரே ஒவ்வோர் ஆண்டும் தற்காலிகமாக ஏதாவது செய்துகொண்டிருந்தார். பந்தல் கம்பிகளைத் தரையிலிருந்து தூக்கிக் கட்டச் சொல்வார். மண்ணில் இறக்கிய செம்புக் கம்பியின் பிடிப்பைப் பார்ப்பார். அன்னதானக் கூடத்துக்குச் சொந்தச் செலவில் ஒரு 10 மில்லி ஆம்பியர் கருவியை மாட்டினார். டெஸ்ட் பட்டனை அழுத்தினால் கருவி விழுகிறதா என்றுதான் தெரியும், மண் இணைப்பு சரியா என்று அது சொல்லாது என்பதை எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பார்! ஓர் ஆண்டு இரதம் கிளம்பும் நேரத்தில், ஜெனரேட்டர் கம்பியின் ஒட்டு தண்ணீர்க் குட்டையில் கிடப்பதைப் பார்த்துவிட்டு, இரதத்துக்கு முன்னால் போய் நின்றுகொண்டார். உறுமிக்காரர்கள் அடிப்பதை நிறுத்திவிட்டார்கள். “சாமி லேட்டாகுது சார்” என்று ஒரு தம்பி கத்தினான். “அம்மன் காத்திருப்பா. கரண்டு காத்திருக்காது” என்றார் அப்பா. ஒட்டைப் பிரித்து, மேலே தூக்கிக் கட்டிய பிறகுதான் நகர்ந்தார். அன்றைக்கும் அவரைத் திட்டியவர்கள் உண்டு.

இப்போது உங்கள் திட்டத்துக்கு வருகிறேன். ஆயிரக்கணக்கான சிறு விளக்குகள் கொண்ட இரும்பு வளைவை, மழையில் நனையும் வாசலில், அதே போர்டிலிருந்து, அதே 100 மில்லி ஆம்பியர் கருவியின் கீழ் இணைக்கப் போகிறீர்கள். அதன் தூணில் அப்பாவின் பெயர். கோபித்துக்கொள்ளாதீர்கள், இதற்குக் குடும்பத்தார் சம்மதிக்க மாட்டோம். தம்பியும் நானும் பேசி முடிவெடுத்துவிட்டோம்.

இதுவரை வசூலான பணத்தை இப்படிச் செலவு செய்ய வேண்டும் என்று கேட்கிறோம். முதலில், பதிவு பெற்ற மின் ஒப்பந்தக்காரர் ஒருவரைக் கொண்டு போர்டு முழுவதையும் மாற்றுங்கள். முன் மண்டபம், பால்குடம் கழுவும் இடம், சமையல் கூடம், கழிவறை ஆகியவற்றுக்குத் தனித்தனிச் சுற்று, தனித்தனிக் கருவி. இரதத்துக்கும் பந்தலுக்கும் வெளியே பூட்டக்கூடிய ஒரு பெட்டி. மண் இணைப்பைப் புதிதாக இறக்கி அளந்து எழுதி வாங்குங்கள். நன்கொடை கொடுத்தவர்கள் யாராவது, “நான் வளைவுக்குத்தான் கொடுத்தேன்” என்றால் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். குறையும் தொகையை நாங்கள் போடுகிறோம்.

முன்னாள் மாணவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். சனிக்கிழமைகளில் அப்பாவிடம் கணக்குப் படித்து, திட்டு வாங்கி, இன்று பினாங்கிலும் சிங்கப்பூரிலும் மின்துறையில் இருப்பவர்கள் உங்களில் குறைந்தது ஒரு கை விரல் அளவாவது உண்டு. திருவிழாவுக்கு எப்படியும் ஊருக்கு வருகிறீர்கள். ஒரு நாள் முன்னதாக வந்து, முறை வைத்து, அந்தப் போர்டைப் பாருங்கள்.

கல்வெட்டு இருந்தே ஆக வேண்டும் என்றால், மெயின் போர்டு அறைக் கதவில் ஒரு சிறிய தகட்டை மாட்டிக்கொள்ளலாம். அதில் அப்பா பெயரைப் போட்டால், இஞ்சின் டிரைவரான அவருடைய அப்பா பெயரும், பால்வெட்டுச் சம்பளத்தில் அவரைப் படிக்கவைத்த அக்கா பெயரும், அம்மாவின் பெயரும் சேர்ந்தே வர வேண்டும். “மாமேதை” வேண்டாம். கீழே, “கடைசியாகச் சோதித்த தேதி” என்று போட்டு, எழுதி அழிக்கும்படி இடம் விட்டுவிடுங்கள்.

அடுத்த நிர்வாகக் கூட்டத்துக்கு நானும் தம்பியும் வருகிறோம். ஈப்போவில் இரண்டு ஒப்பந்தக்காரர்களிடம் விலை கேட்டிருக்கிறோம், தாள்களைக் கொண்டுவருகிறோம். நீங்களும் ஒருவரிடம் கேட்டு வையுங்கள், ஒப்பிட்டுப் பார்க்க வசதியாக இருக்கும். அப்பாவின் மண் தடை அளக்கும் கருவியை ஆலயத்துக்கே கொடுத்துவிடுகிறோம். நினைவேந்தல் பேச்சாளர் பட்டியலில் என் பெயரைப் போட்டிருப்பதாகக் கேள்விப்பட்டேன். தயவுசெய்து எடுத்துவிடுங்கள். கூட்டம் எட்டு மணிக்கு என்றால் எட்டு மணிக்கே தொடங்குங்கள்.

இப்படிக்கு,
உங்கள் இஞ்சினியர் சாரின் மூத்த மகள்